மூன்றாவது வரி

பில்ட் பொத்தானை அழுத்துமுன் இன்பராஜ் அண்ணாச்சி ஆள்காட்டி விரலைச் சட்டையில் துடைத்துக்கொள்வார். திரையின் மேல் வரியில் ஒரு தட்டு. அடுத்த வரியில் இன்னொரு தட்டு. உதடு மட்டும் அசையும்.

“என்ன அண்ணாச்சி, கம்ப்யூட்டருக்கு ஜெபமா?” என்பார் முதலாளி கருப்பணன்.

“ஆமா, ஒங்க ஆர்டர் நல்லபடியாப் போகணும்ல.”

ஆலங்குளம் சிமெண்ட் தொழிலாளியின் மகன் அவர். சிவகாசியில் காலண்டர் வெட்டும் இயந்திரங்களுக்கு நிரல் எழுதும் எங்கள் சின்னக் கம்பெனியில் இருபத்தொரு வருடம் இருந்தார். இயந்திரத்துக்கு ஒரு ஃபோல்டர். ஒவ்வொன்றிலும் வெட்டு அளவுக் கோப்பு. பெயர் ஒன்றே, அளவு வேறு. எந்தெந்த ஃபோல்டரில் தேட வேண்டும் என்று, பில்ட் அழுத்தியதும் நிரலை இயந்திரத்துக்கான கட்டளையாக மாற்றும் கம்பைலருக்குப் பட்டியல் கொடுப்போம். அது மேலிருந்து தேடும், முதலில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு நின்றுவிடும். வேண்டிய இயந்திரத்தின் வரியை உச்சிக்கு நகர்த்தி, வேலை முடிந்ததும் பழைய இடத்தில் வைப்பது அண்ணாச்சியின் பொறுப்பு.

ஐப்பசியில், காலண்டர் சீசன் நடுவே, புது இயந்திரம் ஒன்று வந்தது. அதன் ஃபோல்டரை அகரவரிசைப்படி இரண்டாவது வரியாகச் சேர்த்தேன். மூன்றாவதாக இருந்தது நான்காவதுக்கு இறங்கியது. வாயால் சொல்லியிருக்கலாம். எனக்குப் பேசுவதைவிட எழுதுவது எளிது. துண்டுத்தாளில் எழுதி நீட்டினேன்.

“சரி தம்பி” என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் அந்த நான்காவது வரி இயந்திரத்துக்குத்தான் வேலை; விரல் மூன்று முறை தட்டியது. மதியத்துக்குள் ஓர் அச்சகத்தில் பத்தாயிரம் முருகன் படங்களில் வேலின் நுனி வெட்டுப்பட்டுவிட்டது.

“எளுதிக் குடுத்தத வாசிக்க மாட்டீகளா? கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?” கருப்பணன் கத்தினார். “நாளைல இருந்து வர வேண்டாம்.”

“தம்பி சொல்லத்தான் செஞ்சது. தப்பு எம்மேலதான்.”

நான் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசித்தும் அலட்சியமாக இருந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

தை மாதம், அவர் விட்டுப்போன டிபன் பாக்ஸைக் கொடுக்க வீட்டுக்குப் போனேன். என் முகத்துக்கு நேராகத் திரும்பி, “யாரு?” என்றார்.

வாசல்வரை வந்த அவர் மனைவி ஞானபூரணி, ஆஸ்பத்திரி நர்ஸ், மெதுவாகச் சொன்னார்: “சர்க்கரை, தம்பி. ரெண்டு வருசமா எளுத்துத் தெரியல. வரி மட்டும் கோடு கோடாத் தெரியும், எண்ணிக்கிடுவாக. சொன்னா வேலை போயிரும்னு மறைச்சாக. நீங்க குடுக்கிற தாளெல்லாம் வீட்டுக்குக் கொண்டாருவாக, நான் வாசிச்சுச் சொல்லுவேன். அன்னைக்கு எனக்கு டபுள் டூட்டி. மறுநா மத்தியானம்தான் வந்து வாசிச்சேன்.”