மணலில் வைத்த கத்தி

வெளியூர் போனால் பழம் நறுக்க, வீட்டில் கயிறு அறுக்க, முந்நூறு ரூபாய்க்குள் ஒரு மடக்குக்கத்தி கேட்டேன். கடைப்பெண் மூன்றை எடுத்துக் காட்டினாள். மரப்பிடி போட்டதைத் திறந்ததும் வந்த எண்ணெய் வாசனையில் குருசுக்குப்பத்துக் கடற்கரை திரும்பி வந்தது. இன்று கருங்கல் கொட்டிக் கிடக்கிற இடத்தில் அன்று மணல் இருந்தது, அங்கே படகு நிழலில் நானும் என் சிநேகிதி மேரியும் உட்கார்ந்து, பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து வந்த அவள் மாமாவின் கத்தியால் மாங்காய் அரிந்து, கீற்றைக் கடல்தண்ணீரில் நனைத்து, பல் கூசக் கூசத் தின்றுகொண்டிருப்போம்.

கத்தியை மட்டும் கையில் தரமாட்டாள். "கைல குடுத்தா சண்ட வந்துடும்டி, கீழ வைக்கிறேன், எடுத்துக்க" என்று மணலில் வைப்பாள். நானும் அப்படியே வைத்துத் திருப்பித் தருவேன்.

ஒருநாள் நான் வைத்ததை அவள் எடுப்பதற்குள் பெரிய அலையொன்று படகுவரை ஏறி வந்து போனது. வெயில் சாயும்வரை மணலைத் துழாவினோம், கிடைக்கவில்லை.

மறுநாள், "நீதான எடுத்துட்டுப் போன?" என்றாள் மேரி.

"ஆமா, எடுத்தேன். என்னா இப்ப?" என்றேன், ரோஷத்தில்.

அதோடு பேச்சு நின்றது. அது பொய்யென்று சொல்ல ஒரு வருடம் கழித்துப் போனேன்; அவர்கள் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போயிருந்தார்கள்.

கடைப்பெண் கத்தியை மடக்கிக் கண்ணாடிமேல் வைத்தாள். "கைல குடுக்கக் கூடாதுக்கா."

"பரவால்லம்மா, கையிலயே குடு" என்று கையை நீட்டினேன்.