பெட்டி கட்டிய நாள்

என் கணவருக்குப் போன வருஷம் அடிக்கடி நெஞ்சு படபடத்தது. வேலணையிலிருந்து பஸ் பிடித்து ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் படபடப்பு நின்றுவிடும். நெஞ்சிலும் கை கால்களிலும் வயர்களைப் பொருத்தி ஈசிஜி எடுப்பார்கள். தாளில் கோடு ஒழுங்காகவே ஓடும்.

கடைசியில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அங்கே வயர்களை நெஞ்சில் ஒட்டி, ஒரு சின்னப் பெட்டியை இடுப்பில் கட்டிவிட்டார்கள். ஒரு நாள் முழுக்க ஒவ்வொரு துடிப்பும் அதில் பதியுமாம்.

"குளிக்க மட்டும் ஏலாது ஐயா. மற்றபடி வழமையா இருங்கோ" என்றார் டொக்டர்.

வீட்டுக்கு வந்ததும் நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். அவர் சேற்றுக் காலோடு குசினிக்குள் அடுப்படி வரைக்கும் வந்தார். பேசாமல் தரையைத் துடைத்தேன்.

"என்னப்பா, ஏசாமல் இருக்கிறீர்?"

"நெஞ்சு பதறிப்போடும் எண்டுதான்."

"டொக்டர் வழமையா இருக்கச் சொன்னவர். நீர் ஏசாட்டி அது வழமையே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னேரம் ஆடு கத்தரித் தோட்டத்துக்குள் புகுந்துவிட, வயர்களோடு அதன் பின்னால் ஓடினார். அப்போது வாய் நிறைய ஏசினேன். அவர் திருப்தியோடு திரும்பி வந்தார்.

பொழுதுபடும் நேரம், கதிரையில் சாய்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வந்திட்டுது."

ஆஸ்பத்திரியில் சொல்லித்தந்தபடி, நேரத்தைக் குறிப்பதற்கான பொத்தானைப் பெட்டியில் அழுத்திவிட்டு அவர் கையைப் பிடித்தேன். உள்ளங்கை வேர்த்திருந்தது. பதியும் வரைக்கும் படபடப்பு நிற்கக்கூடாது என்று நினைத்தேன். நினைத்ததுமே மனம் வலித்தது. கொஞ்ச நேரத்தில் தணிந்தது.

அடுத்த கிழமை டொக்டர் தாளைக் காட்டினார். ஓரிடத்தில் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. இதயத்தை இயக்கும் மின்சாரம் நேர்வழியில் இறங்காமல் ஒரு சின்ன வளையத்துக்குள் சுற்றுகிறது, பயமில்லை, மாத்திரை போதும் என்றார்.

"பின்னேரம் நான் நல்லா ஏசினனான். அதாலையோ டொக்டர்?"

டொக்டர் அந்த நேரத்துக் கோடுகளைத் தேடிப் பார்த்தார்.

"இல்லையம்மா. ஓடினதாலை வேகமா அடிச்சிருக்கு. ஆனால் ஒழுங்கா அடிச்சிருக்கு. நீங்கள் பயமில்லாமல் ஏசலாம்."

என் கணவர் மேசையைப் பார்த்துச் சிரித்தார்.

மாத்திரை தொடங்கிய பிறகு படபடப்பு எப்போதாவதுதான் வருகிறது. விடிய எழும்பும்போது அவருடைய நெஞ்சில் என் கையை வைத்துப் பார்ப்பது மட்டும் எனக்குப் பழகிப்போயிற்று.

"ஓடுது, ஓடுது. போய்த் தேத்தண்ணியைப் போடும்" என்பார், கண் திறக்காமலே. ஆனால் கையை எடுக்க விடமாட்டார்.