அக்கா காத்து வைத்த பச்சைக் கார்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவர் தங்கையின் வணக்கம். நன்றாக எழுதத் தெரிந்த வேறு யாரையாவது கேட்கலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். அத்தான் ஒப்பவில்லை. "நான் ஊர்ல இல்லாத காலத்துல அவகூட இருந்தது நீதானம்மா. நீயே எழுது," என்றார். அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது உறையூரில். அப்பாவுக்கு இரண்டு தறிகள் இருந்தன. ஐந்து பிள்ளைகளில் அக்கா மூத்தவர், நான் அடுத்தவள். அக்காவுக்குப் பதினான்கு வயதாகும்போது அம்மா தவறிவிட்டார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்று, எங்கள் நால்வருக்கும் தலைவாரி, சோறு கட்டிக் கொடுத்து, மூன்று தம்பிகளையும் என்னையும் பள்ளிக்கு அனுப்பியவர் அவர்தான். நான் ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குப் போனதற்கும் அவரே காரணம்.

பத்தொன்பது வயதில் ஸ்ரீரங்கத்துக்கு மருமகளாகப் போனார். அத்தானுக்குக் காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி. கல்யாணமான மூன்றாம் வருஷம், ஊர் மாற்றலாகிப் போன ஓர் அதிகாரியிடமிருந்து அத்தான் ஒரு கார் வாங்கினார். வெளியே கரும்பச்சை. உள்ளே சீட்டெல்லாம் அடர்ந்த சிவப்பில் அசல் தோல். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவையும் மாமியாரையும் பின் சீட்டில் உட்கார வைத்துத் திருவெள்ளறைக்கும் முக்கொம்புக்கும் ஓட்டிப் போவார். மறுநாள் விடியற்காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே காரைக் கழுவுவார். யாரையும் கிட்டே விடமாட்டார். அக்காவும் அந்தப் பக்கம் போகமாட்டார்.

"ஒரு கை பிடிக்கிறியா?" என்று அத்தான் கூப்பிட்டால், "உங்க சக்களத்திய நீங்களே குளிப்பாட்டுங்க," என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

இந்தச் சிரிப்பு நான்கு வருஷம்கூட நீடிக்கவில்லை. ஒரு கோடையில் அத்தானுக்கு இருமல் வந்தது. இருமலோடு இரத்தமும் வந்தது. நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், காசநோய் என்றும், தொலைவில் மலையடிவாரத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியில் நெடுநாள் தங்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். மாமியார் அப்போது பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருந்தார். அவரைத் தூக்கி உட்கார வைக்க அக்காவை விட்டால் ஆளில்லை. ஆகவே அத்தான் மட்டும் போனார். பெட்டியை வண்டியில் வைத்த பிறகு திரும்பி வந்து, கார் சாவியை அக்காவின் கையில் கொடுத்தார்.

"ஓட்ட வேண்டாம். கெட்டுப் போகாம பாத்துக்க, போதும்."

அக்கா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். துணைக்கு யாராவது இருந்தால் நல்லது என்று அக்காவின் மாமனார் சொல்லி அனுப்பியதால், அந்த வாரமே நான் பெட்டி படுக்கையோடு அங்கே போனேன். அப்போது ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் எனக்கு வேலை.

மண்டியின் லாரி டிரைவர் வாரம் ஒருமுறை வந்து, காரைக் கிளப்பி, இன்ஜினைச் சிறிது நேரம் ஓட விட்டுப் போவார். மற்றதெல்லாம் அக்காவின் பொறுப்பு. அவருக்கோ காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு நாள் ஷெட்டுக்குப் போய்க் கார் கதவைத் திறந்தால், சிவப்புச் சீட்டு முழுவதும் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். அக்கா பதறிப் போனார். துடைத்துவிட்டு, தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெயைக் கிண்ணத்தில் எடுத்து வந்து, சீட்டு முழுவதும் தாராளமாகத் தேய்த்தார். அன்றைக்குப் பளபளவென்றுதான் இருந்தது. பத்து நாளில் பிசுபிசுவென்று ஒட்டி, சிக்கு நாற்றம் அடித்து, எறும்பு வந்து, பூஞ்சணமும் முன்னைவிட அதிகமாகப் பிடித்துவிட்டது. ஓட்டுகிறவர் சீட்டின் தையல் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துப் போயிற்று. ஷெட்டில் தரையில் உட்கார்ந்து அக்கா அழுததை அன்றுதான் பார்த்தேன். அத்தானை வழியனுப்பிய அன்றுகூட அவர் அப்படி அழவில்லை என்று மாமனார் பிறகு சொன்னார்.

மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, சத்திரம் பக்கம் ஜட்கா வண்டிகள் நிற்குமிடத்துக்குப் போனார். குதிரைகளுக்குச் சேணமும் வாரும் தைக்கிற பாய் ஒருவர் அங்கே இருந்தார். தோலைப் பற்றித் தோல் தைக்கிறவரைத்தானே கேட்க வேண்டும் என்பது அக்காவின் கணக்கு. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் தைக்கிறதோட சரிங்கம்மா. எண்ணெய் போட்டுப் பதமா வெக்கிறதெல்லாம் வீட்டுல," என்று உள்ளே கை காட்டினார்.

அவர் மனைவிக்கும் அக்கா வயதுதான் இருக்கும். இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றார்.

"தேங்காயெண்ணெயா ஊத்துனீங்க? அல்லாவே! அது காயவே காயாதும்மா. மொதல்ல அத எடுக்கணும். வெள்ளை சோப்ப நுரை கட்டி, நுரைய மட்டும் எடுத்துத் துடைங்க. தண்ணி உள்ள எறங்கக் கூடாது. நெழல்லயே காய விடுங்க, வெயில்ல வெச்சா வெடிச்சிடும்."

"அப்புறம்?"

"வெளக்கெண்ணெயில கொஞ்சம் தேன்மெழுகு போட்டு இளஞ்சூட்டுல உருக்கிக்குங்க. ஆறினப்புறம் தொட்டுத் தொட்டுப் பூசணும், பொட்டு வெக்கிற மாதிரி. ராவெல்லாம் ஊறட்டும். காலையில நல்லா தேச்சு எடுத்துடுங்க. கையில ஒட்டக் கூடாது. மொதல்ல சீட்டுக்கு அடியில, கண்ணுக்குத் தெரியாத எடத்துல பூசிப் பாருங்க."

அக்கா அப்படியே செய்தார். நாற்றம் போக ஒரு மாதம் ஆயிற்று. மழையில்லாத நாட்களில் கண்ணாடிகளை இறக்கிக் காற்றோட விட்டார். அந்தக் கறுப்புத் திட்டு மட்டும் போகவே இல்லை.

பெயிண்டை எப்படிப் பார்த்துக்கொள்வதென்று அத்தானே கடிதத்தில் எழுதினார். அந்த வீட்டில் கடிதங்கள் மாமனார் பெயருக்குத்தான் வரும். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். மாமியார் படுக்கையில் இருந்தபடி கேட்பார். அக்கா சமையலறை வாசலில் நின்று கேட்பார். எல்லோரும் கேட்கும் கடிதத்தில் புருஷன் பெண்சாதிக்கு என்ன எழுத முடியும்? அத்தான் காரைப் பற்றி எழுதினார். "உலர்ந்த துணியால் தூசி தட்டக் கூடாது என்று சொல்லவும். மணல் கீறிவிடும். முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணைக் கரைத்துவிட்டு, மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும். அடிப்பக்கம் துடைத்த துணி மேலே படக் கூடாது. பறவை எச்சம் விழுந்தால் சுரண்ட வேண்டாம். ஈரத்துணியை அதன் மேல் போட்டு, ஊறிய பிறகு எடுக்கவும். வெயிலில் கழுவ வேண்டாம்."

அக்கா ஒவ்வொன்றாகச் செய்துவிட்டு, பதிலில் என்னை எழுதச் சொல்வார். உறையூரிலிருந்து கொண்டு வந்த பழைய நூல்வேட்டித் துணி துவைத்துத் துவைத்துப் பஞ்சாக இருந்தது. அதைத்தான் மெழுகுப் பாலிஷ் தேய்க்க வைத்துக்கொண்டார். "பானெட்டில் முகம் தெரிகிறது," என்று எழுதச் சொன்னார். தேங்காயெண்ணெய் விஷயத்தை மட்டும் எழுத விடவில்லை.

ஒரு கடிதத்தில் அத்தான் கேட்டிருந்தார்: "பின் சீட்டில் இடது கதவை ஒட்டிய இடத்தில், வழக்கமாக உட்காரும் இடத்தில், தோல் எப்படி இருக்கிறது? அந்த இடத்தை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்."

அது அக்கா உட்காரும் இடம். மாமனார் அந்த வரியைப் படித்துவிட்டு நிறுத்தினார். கடிதத்தை மடித்தார். சமையலறை வாசல்வரை எழுந்து வந்து அக்காவிடம் நீட்டினார்.

"இனிமே உனக்கு வர்ற கடுதாசிய நீயே படிச்சுக்கம்மா. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

அவருக்குக் கண் நன்றாகவே தெரிந்தது. அதன் பிறகும் தினசரித் தாளை வரி விடாமல் படித்தார்.

இரண்டாம் வருஷம் மாமியார் காலமானார். அத்தானால் வர முடியவில்லை, டாக்டர்கள் விடவில்லை. ஊரில் பேச்சு வேறு மாதிரி போயிற்று. அவர் திரும்பி வருவாரா, வந்தாலும் கார் ஓட்டுகிற உடம்பாக இருக்குமா என்று அக்காவின் மூத்தாரான அத்தானின் அண்ணனுக்கே சந்தேகம். கெட்ட எண்ணத்தில் இல்லை. சும்மா நின்று வீணாகிறதே என்று, காட்டூரிலிருந்து ஒருவரைக் கார் பார்க்க அழைத்து வந்துவிட்டார். அவரும் ஷெட்டில் கதவைத் திறந்து, சீட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா அதுவரை மூத்தாருக்கு எதிரே நின்று பேசியதில்லை. அன்று ஈரக்கையோடு வெளியே வந்தார். மூத்தாரைப் பார்க்காமல், மாமனாரைப் பார்த்துச் சொன்னார்.

"மாமா, நீங்க சொல்லுங்க. அவங்க வந்து அவங்க கையால சாவி குடுத்தா வித்துக்கட்டும். அதுவரைக்கும் இந்தக் கார் சாவிய நான் யார்கிட்டயும் தர மாட்டேன்."

மூத்தார் முகம் சிவந்தது. "அவன் வருவான்னு எனக்கு மட்டும் ஆசை இல்லியா?" என்றார். காட்டூர்க்காரர் கதவை மெதுவாகச் சாத்தினார்.

"வருஷக்கணக்கா நிக்கிற வண்டின்னு சொன்னீங்க. நேத்து எறங்கிப் போன மாதிரியில்ல இருக்கு? இதை நான் வாங்கக் கூடாதுங்க. அவர் நல்லபடியா வரட்டும்."

அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

இரண்டு வருஷம் ஏழு மாதம் கழித்து அத்தான் வந்தார். லாரி டிரைவர் காரை ஓட்ட, அக்காவும் நானும் திருச்சி ஜங்ஷனுக்குப் போனோம். இறங்கிய ஆளைப் பார்த்து எனக்கு அடையாளம் தெரியவில்லை. சட்டை மட்டும் நடந்து வந்தது போல் இருந்தது. முன்னால் உட்காரச் சொன்னார் டிரைவர். அத்தான் பின் கதவைத் திறந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தக் காரில் அவர்கள் இருவரும் அருகருகே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நான் முன் சீட்டுக்குப் போனேன். மார்க்கெட் தாண்டியதும் அத்தானின் குரல் கேட்டது.

"என்ன பூசின?"

"வெளக்கெண்ணெயும் மெழுகும்."

"நல்லா இருக்கு."

"அந்த முன் சீட்டு ஓரத்துல கறுப்பா இருக்கு பாருங்க. தேங்காயெண்ணெய் ஊத்திக் கெடுத்துட்டேன். உங்களுக்கு எழுதல."

"அதுக்கென்ன, இருக்கட்டும்," என்றார் அத்தான். கார் காவிரிப் பாலத்தில் ஏறியபோது நான் கண்ணாடி வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்தக் குறையை அக்கா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினார். ஆனால் தெருவில் எந்த வீட்டில் பிரசவ வலி கண்டாலும் அந்தக் கார்தான் போகும். அத்தான் ஓட்ட, அக்கா பின்னால் தாங்கிப் பிடித்திருப்பார். ஒருமுறை எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பாலத்தின் மேலேயே குழந்தை பிறந்துவிட்டது. ஒரு மாதம் கழித்து அவள் தலைகுனிந்துகொண்டு வாளியோடு வந்து நின்றாள், சீட்டைக் கழுவித் தருகிறேன் என்று.

"அன்னிக்கே கழுவிட்டேன். ரத்தத்துக்குப் பச்சத் தண்ணிதான். சுடுதண்ணி பட்டா கறை தங்கிடும். நீ வாளிய வெச்சிட்டுப் போயி புள்ளையத் தூக்கிட்டு வா. நான் இன்னும் சரியாப் பாக்கவே இல்ல," என்றார் அக்கா. அந்தக் குழந்தையை அன்று மாலை முழுவதும் மடியை விட்டு இறக்கவில்லை.

போன வருஷம் ஆடியில் வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். வைத்தியம் செய்யும் நிலை தாண்டிவிட்டது. நான்கு மாதம், வாரம் இருமுறை, அத்தான் அவரைப் பின் சீட்டில் படுக்க வைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போய்வந்தார். வலி தாங்காமல் புரளும் நேரத்திலும் "ஏங்க, மெதுவாப் போங்க, உங்களுக்கு மூச்சு வாங்குது," என்பார். நோயாளி யார் என்று பார்க்கிறவருக்குக் குழப்பமாக இருக்கும்.

கடைசியாக நான் பார்த்த சனிக்கிழமை, தலைவாரிவிடச் சொன்னார். திருத்த வேண்டிய தேர்வுத்தாள் கட்டு வீட்டில் கிடந்தது. "நாளைக்கு வந்து நல்லா பின்னி விடறேன்க்கா," என்றேன். "சரி, போயிட்டு வா," என்றார். ஞாயிறு காலை பஸ்ஸை விட்டு இறங்கியபோது தெருமுனையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அம்மா போன நாளிலிருந்து, கல்யாணமாகிப் போகும்வரை ஐந்து வருஷம் என் தலையை வாரியவர் அவர். நான் ஒரே ஒரு முறை வாரியிருக்கலாம்.

இப்போதும் சனிக்கிழமை பள்ளி விட்டதும் கால்கள் தாமாக ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறிவிடுகின்றன. பாதி வழியில்தான் நினைவு வருகிறது. இறங்காமல் போய், அத்தானைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அக்காவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக் கூட்டிப்போன ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்கும், நான்கு மாதமும் கஞ்சி வைத்துக் கொடுத்த எதிர்வீட்டுப் பெண்ணுக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய அத்தானின் அண்ணனுக்கும், செய்தி கேட்டதும் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுத சேணக்கார பாயின் மனைவிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த மலரை வாங்கிய நீங்கள், அந்தப் பக்கம் போனால் அத்தானைப் பார்த்துவிட்டுப் போங்கள். மாலையில் வீட்டில்தான் இருப்பார். அவர் மனம் வருந்துமே என்று எல்லோரும் மழையைப் பற்றியும் மண்டியைப் பற்றியும் பேசிவிட்டு எழுந்துவிடுகிறீர்கள். அவர் வாசல்வரை வந்து, நீங்கள் தெரு திரும்பும்வரை நின்று பார்க்கிறார். தயங்காமல் அக்காவின் பேச்சை எடுங்கள். அவர் அதற்காகத்தான் காத்திருக்கிறார்.