கோழிக்கு வந்த மருந்து

அன்று அந்தக் கிளினிக் அறையில் நான்கு பேர் இருந்தோம். டாக்டர், அவருக்குப் பின்னால் கட்டுத்துணி வெட்டிக்கொண்டிருந்த, நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடும் நர்ஸ், என் மனைவி, நான். வேறு யாரும் கிடையாது. கதவு சாத்தியிருக்கிறதா என்று நான் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் எனக்கு வேலை. கூண்டுக் கம்பி கிழித்து வலது கணுக்காலுக்கு மேலே வந்த புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. இரண்டு விதமான மாத்திரை கொடுத்துப் பார்த்துவிட்டு, டாக்டர் சீழ் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். அந்தத் தாள்தான் மேசையில் கிடந்தது. இரண்டாம் படிவத்தோடு, பதினாலு வயதில் பள்ளியை விட்டவன் நான், எனக்கு என்ன புரியும்? ஒரே எழுத்து வரிசையாகக் கீழே இறங்குவது மட்டும் தெரிந்தது. அந்த எழுத்து இருக்கிற மருந்துக்கெல்லாம் இந்தக் கிருமி சாகாது என்றார் டாக்டர்.

மிச்சம் இருப்பது ஊசி மருந்துதானாம். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் படுத்துப் போட்டுக்கொண்டால் செலவு அதிகம் இல்லை. இங்கேயே தினமும் வந்து ஏழு நாள் போடலாம், அதற்குப் பணம் ஆகும். என் அண்ணன் சர்க்கரைப் புண்ணோடு வார்டுக்குப் போய், முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் திரும்பியவர். வார்டு வேண்டாம் என்றேன்.

"ஊசிக்கும் கேக்கலன்னா, டாக்டர்?"

அவர் வேறு ஏதாவது மருந்து போட்டேனா என்று கேட்டார். இல்லை என்றேன். பக்கத்தில் மனைவி என்னையே பார்த்தாள்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

சொன்னேன். கோழிகளுக்குத் தண்ணீரில் கலக்கும் மருந்துத் தூள், பாக்கெட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு மிஞ்சும். அதைத் தட்டி எடுத்து வந்து புண்ணில் தூவினேன். வலி அதிகமான நாட்களில் ஒரு சிட்டிகை காப்பியிலும் போட்டுக் குடித்தேன். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

"கோழிக்கு ஒத்துக்குது, எனக்கு ஒத்துக்காதான்னு கேப்பாரு டாக்டர். இன்னும் கூவாம இருக்காரே, அதுவே பெரிசு" என்றாள் மனைவி.

மிஸ்ஸி சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாகப் போயிற்று.

"அங்கிள், அதுவும் ஆன்டிபயாட்டிக்தான் லா. கொஞ்சங் கொஞ்சமா போட்டா கிருமி சாகாது, பழகிக்கும்" என்றார் டாக்டர்.

அதனால்தான் இப்படி ஆயிற்று என்று அடித்துச் சொல்ல முடியாது, கோழிகளோடு புழங்குவதாலும் இருக்கலாம் என்றார். ஒரு நாள்கூட விடக்கூடாது, காய்ச்சல் கண்டால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று என் மனைவியிடம்தான் சொன்னார். என்னை நம்பவில்லை போலிருக்கிறது.

ஏழு நாளும் போனேன். புண் காய்ந்தது. ஒரு மாதம் கழித்து வந்து காலைக் காட்டுங்கள், மீதிப் பணத்தை அப்போது கட்டினால் போதும் என்றார்.

மூன்று மாதம் ஆகிவிட்டது. பணம் மைலோ டின்னில் தயாராக இருக்கிறது. கட்டப் போனால் மிஸ்ஸி காலைப் பார்க்கக் காற்சட்டையை மடிக்கச் சொல்வார். தழும்புக்குக் கீழே பத்துக் காசு அகலத்தில் ஒரு சிவப்பு தெரிகிறது. பூட்ஸ் உரசியதுதான் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு தடவை கிளினிக் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

பாக்கி இருநூற்று எண்பது ரிங்கிட்.