பதினாறு இன்ச் டயரும் மாரான் வேண்டுதலும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகத் தயங்கிக்கொண்டே இருந்தேன். ஒரு டயருக்கா இவ்வளவு புலம்பல் என்று கேட்பார்கள். என் மனைவியின் வேண்டுதலும் இதில் இருக்கிறது. வீட்டுச் சங்கதியை ஊருக்குச் சொல்வது எனக்கு வழக்கமில்லை. அதைவிட, வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை வெட்டி அனுப்பிய ஆள் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தவராக இருந்து, படித்துவிட்டு மனம் நோகுமோ என்ற பயம்தான் பெரிது.

போன வாரம் அதே செய்தி, அதே வெட்டோடு, மறுபடியும் என் கைப்பேசிக்கு வந்தது. இனிமேல் சும்மா இருப்பது சரியில்லை என்று பட்டது. முருகன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை பார்க்கிறவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது ஜப்பான்காரன் செய்த ஆயிரம் சிசி மோட்டார் சைக்கிள். நெடுந்தூரம் போவதற்கென்றே செய்தது. முன்னால் காற்றைத் தடுக்கப் பெரிய கண்ணாடி, பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் வாங்கினேன். எஞ்சின் இன்றைக்கும் கோவில் நாதஸ்வரம் மாதிரி சுருதி பிசகாமல் ஓடும். ஆனால் பின்சக்கரம் பதினாறு இன்ச். இப்போது வருகிற பெரிய மோட்டார்களில் முக்கால்வாசிக்கும் மேல் பதினேழு. அந்த ஒரு இன்ச்தான் என் உயிரை வாங்கியது.

என் மனைவிக்கு அந்த மோட்டாரைப் பிடிக்காது. "எருமமாட்ட வாங்கி வாசல்ல கட்டி வச்சிருக்கீங்க" என்பாள். அவள் அதில் ஏறிப் பக்கத்து ஊரான ஜெராமைத் தாண்டியதில்லை. அப்படிப்பட்டவள், வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஏங்க, நான் நல்லாயி எந்திரிச்சா, பங்குனி உத்திரத்துக்கு ஒங்க மோட்டார்லயே பின்னால ஒக்காந்து மாரானுக்கு வரேன்னு முருகன்கிட்ட சொல்லிட்டேன்."

"காருல போலாமே" என்றேன்.

"காருல போறதுக்கு வேண்டுதல் எதுக்கு? எனக்குப் பயமா இருக்கறதத்தான் குடுக்கணும்."

முருகன் அவளை எழுப்பி விட்டார். ஆனால் மோட்டாரின் பின் டயர் படுத்துவிட்டது. பக்கவாட்டில் வெடிப்பு, நடுவில் தேய்ந்து மொட்டை. மேற்குக் கரையில் இருக்கும் எங்கள் கோலா சிலாங்கூரிலிருந்து கிழக்கே மாரான் முருகன் கோவிலுக்குப் போவதென்றால் நாட்டைக் குறுக்கே கடக்க வேண்டும். மலை ஏறி இறங்க வேண்டும். அந்த டயரை நம்பி அவளை உட்கார வைக்க எனக்குத் துணிவில்லை.

அன்று ஆரம்பித்தது தேடல். கோலா சிலாங்கூரில் நான் எப்போதும் போகிற டயர் கடையின் முதலாளி, எங்களுக்குத் தவுக்கே, எஸ்டேட் பக்கம் வளர்ந்த சீனர், தமிழ் ஓரளவு பேசுவார். அவர் கடையில் தொங்குவதெல்லாம் கப்சாய் என்கிற சின்ன மோட்டார்களுக்கான ஒல்லி டயர்கள். "இந்த சைசு தக் அடா லா அண்ணே" என்று கையை விரித்தார். கிள்ளானில் கேட்டேன். "இதெல்லாம் நிறுத்திட்டாங்களே" என்றார்கள். கோலாலம்பூரில் ஒரு கடையில், "மியூசியத்துல கேட்டுப் பாருங்க அங்கிள்" என்று சிரித்தார்கள். ஒரு கடைக்காரர் பதினேழு இன்ச் ரிம் மாற்றிக்கொள்ளச் சொன்னார். இன்னொருவர் மோட்டாரையே மாற்றச் சொன்னார். ஒரு இடத்தில் டயர் இருந்தது. ஆனால் கடைக்காரரே அதைத் தொடும்போது பொடி உதிர்ந்தது. எந்தக் காலத்துச் சரக்கோ.

ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு வருவேன். என் மனைவி சாதம் போட்டுக்கொண்டே கேட்பாள்: "என்ன, இந்த எடமும் பொருந்தலையா? நம்ம மகளுக்கு மாப்பிள்ள பாத்தப்பகூட நீங்க இவ்ளோ அலையல."

"அவளுக்குப் பத்துப் பொருத்தம் பாத்தா போதும். இதுக்கு நம்பர் நம்பரா பாக்கணும்."

சிரிப்பாகத்தான் சொன்னேன். உள்ளுக்குள் எரிந்தது. முதல் பங்குனி உத்திரம் அப்படியே போய்விட்டது.

அடுத்த பங்குனி நெருங்கும்போது, பழைய மோட்டார் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. என் மோட்டாரின் பேரைப் போட்டு, பின்சக்கரத்துக்கு 150/80-16 என்று எழுதியிருக்கும் டயர் இன்னமும் வருகிறது, வேறு கம்பெனிக்காரர்களின் மோட்டாருக்காகச் செய்வது இதற்கும் பொருந்தும் என்று தமிழில் தெளிவாக எழுதியிருந்தார்கள். கீழே மூன்று ரோஜாப்பூ. அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. முருகனே எழுதி அனுப்பியது போல இருந்தது.

கிள்ளானில் ஒரு தமிழர் கடையில் அந்த எண்ணைச் சொன்னேன். வரவழைத்துத் தந்தார். நூற்றைம்பது, எண்பது, பதினாறு. ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரி. பெட்டிகளுக்கு நடுவில் கயிறு போட்டுக் கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

நேரே தவுக்கே கடைக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் நம் வீடுகளில் புதுப்பொருள் எதுவும் சாமி முன்னால் வைக்காமல் புழக்கத்துக்கு வராது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு. என் மனைவி வாழை இலை விரித்து அதன்மேல் டயரைக் கிடத்தினாள். சந்தனத்தை நன்றாகக் குழைத்துச் சுற்றிலும் பட்டையாகப் பூசி, குங்குமம் வைத்தாள். எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி இரண்டு பக்கமும் வைத்தாள். தேங்காய் உடைத்து, சூடம் காட்டினோம். "முருகா, இத நல்லபடியா மாரான் கொண்டுபோய்ச் சேத்துடுப்பா" என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். ரப்பர் வாசமும் சூடத்து வாசமும் சேர்ந்து வீடு முழுக்க நின்றது.

மறுநாள் தவுக்கே டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டை விரலால் ஒரு குங்குமப் பொட்டைத் துடைத்தார். கீழே பொடியாக இங்கிலீஷ் எழுத்து, பக்கத்தில் ஒரு அம்புக்குறி.

"அண்ணே, இது டெப்பான் லா. முன் வீல் டயர்."

"நம்பர் சரியாத்தானே இருக்கு?"

"நம்பர் சரி. ஆனா இந்த நம்பர்ல முன்னாலயும் இருக்கு, பின்னாலயும் இருக்கு. இது சில மோட்டாருக்கு முன்னால போடறது."

"ரெண்டும் வட்டந்தானே தவுக்கே, போட்டா ஓடாதா?"

"ஓடும் லா. ஒங்க வீட்டம்மா பின்னால இருக்கு, ரெண்டு பெட்டி இருக்கு, மலை இருக்கு. பின்னால வெயிட் தாங்கணும். நீ தனியா பாசிர் பெனம்பாங் போய் மீன் வாங்கறதுன்னாகூட நான் போட மாட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவது? நான் எண்களைத்தான் பார்த்தேன். எழுத்தைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அப்படியே டயரை ஏற்றிக்கொண்டு ஒரு நண்பரின் வேனில் கிள்ளானுக்குப் போனேன். கடைக்காரர் மாற்றித் தர ஒப்புக்கொள்கிற மாதிரிதான் பேசினார். டயரை இறக்கியதும் அவர் முகம் மாறியது.

"என்னாண்ணே இது, பூசையே போட்டுட்டீங்களா?"

"வீல்ல மாட்டவே இல்லைங்க. ஒரு சுத்துகூட ஓடல. தொடச்சா போயிடும்."

"கறை போயிடும். சாமிக்கு வச்சதாச்சே. ஒங்க பேருக்கு வேண்டி வச்சத நான் எப்படி இன்னொருத்தருக்கு விக்கறது? அவுங்க என்ன சாப்புட்டுட்டு, எங்க ஓட்டுவாங்களோ."

"ஒங்களுக்கும் நம்ம முருகன்தானே சாமி? கொஞ்சம் பாத்து செய்ங்களேன்."

"அதனாலதான்ணே வாங்க மாட்டேங்கறேன். வேற யாராச்சும்னா தொடச்சி அடுக்கி வச்சிருப்பாங்க. எனக்கு மனசு வரலை."

அவர் தலைக்கு மேலே முருகன் படம், சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சண்டை போடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்று தோன்றியதும் வாய் மூடிக்கொண்டது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் கிடைக்கவில்லை.

வரும் வழியில் கோலா சிலாங்கூரில் நான் வழக்கமாக இழுத்து ஆற்றிய தே தாரிக் தேநீர் குடிக்கும் கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரர் தமிழ் முஸ்லிம். மோட்டாரில் நெடுந்தூரம் போகிறவர்கள் அவர் கடையில்தான் நிறுத்துவார்கள். அந்தக் குழுவில் அவரும் இருக்கிறார். நடந்ததைச் சொல்லி, கைப்பேசியை நீட்டினேன். அவர் படித்துவிட்டுத் தன் கைப்பேசியில் எதையோ தேடி எடுத்தார்.

"அண்ணே, ஒங்களுக்கு வந்தது கையுங் காலும் இல்லாத முண்டம். இத எழுதுனவரு சித்தியவான்காரரு, நம்ம கடையிலதான் சாப்புடுவாரு. மொதல்ல எனக்குத்தான் அனுப்பினாரு. இந்தாங்க, படிங்க."

அதில் எண்ணுக்குக் கீழே இன்னும் மூன்று வரி இருந்தது. இதே எண்ணில் முன்சக்கர டயரும் வரும், பின்சக்கரத்துக்கு உரியதா என்று எழுத்தைப் பார்த்து வாங்குங்கள் என்று ஒன்று. பின்னால் ஆள் ஏற்றிப் பெட்டியும் வைத்தால் சுமைக்கான எண்ணைப் பழைய டயரோடு ஒப்பிடுங்கள், குறைந்தால் வாங்காதீர்கள் என்று ஒன்று. எந்த வருடம் செய்தது என்பது டயரிலேயே நாலு இலக்கத்தில் இருக்கும், பழைய சரக்கு வேண்டாம் என்று ஒன்று. யாரோ நீளமாக இருக்கிறதென்று அந்த மூன்று வரியையும் வெட்டிவிட்டார். வெட்டிய இடத்தில்தான் ரோஜாப்பூ.

"நல்லதுன்னு நெனச்சி செஞ்சிருப்பாரு பாய்" என்றேன். சொல்லும்போதே பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

"நல்லவங்கதாண்ணே நம்மள நடுரோட்டுல நிறுத்தறது" என்று சொல்லிவிட்டு, அந்தச் சித்தியவான்காரரின் கைப்பேசி எண்ணைக் கொடுத்தார்.

அவரோடு பேசினேன். ஈப்போவில் ஒரு கடை வழியாகச் சரியான டயர் வரும், ஆனால் கப்பலில் வர வேண்டும் என்றார். காத்திருக்கும்போதே பங்குனி உத்திரம் வந்துவிட்டது. எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து மாரானுக்கு வேன் கிளம்பியது. இரண்டு இடம் இருந்தது.

"ஏறிக்கம்மா. முருகன் என்ன, டயர் நம்பரா கேக்கப் போறாரு?" என்றேன்.

"அவரு கேக்க மாட்டாரு. சொன்ன வாய் என்னுதாச்சே" என்றாள்.

வேன் போன பிறகு, அன்று முழுவதும் அவள் விரதம் இருந்தாள். வாசலில் அசையாமல் நின்ற மோட்டாரைத் துணியால் துடைத்தாள். எருமைமாடு என்று சொன்னவள். நான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். இரண்டாவது உத்திரமும் போயிற்று.

டயர் ஆனி மாதத்தில்தான் வந்தது. நானும் தவுக்கேயும் எழுத்து, சுமை எண், வருடம் என்று மூன்றையும் பார்த்தோம். மாட்டிக் காற்றடித்து, நான் தனியாக ஜெராம் வரை ஓட்டிப் பார்த்த பிறகுதான் சந்தனம் உள்ளே வந்தது. கோவில் வாசலில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, அப்படியே கிழக்கே கிளம்பினோம்.

மலை ஏறும்போது என் இடுப்பை அவள் பிடித்திருந்த பிடியில் எனக்கு மூச்சு முட்டியது. வாய் ஓயாமல் முருகா முருகா என்றுகொண்டே வந்தாள். தெமர்லோ தாண்டிப் பாதை நேரானதும் பிடி கொஞ்சம் தளர்ந்தது. "இவ்ளோதானா?" என்று என் காதுக்குள் கத்தினாள்.

மாரானில் அன்று திருவிழா இல்லை. காவடி இல்லை, கூட்டம் இல்லை. அர்ச்சனைத் தட்டோடு நாங்கள் இருவரும், தூரத்தில் ஒரு குடும்பமும்தான். அவள் கண்ணை மூடி நெடுநேரம் நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. வெளியே வந்து மோட்டார் அருகில் நின்று, "நாள் தவறிடுச்சு. ஆனா சொன்ன மாதிரியே வந்துட்டேன்" என்றாள். நான் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டேன்.

பூசை போட்ட அந்த முன்சக்கர டயர் இன்னமும் எங்கள் வீட்டு ஓரத்தில் சாய்ந்து நிற்கிறது. விற்க முடியாது, வீச முடியாது, மாட்ட முடியாது. ஆயுத பூசைக்கு அதற்கும் ஒரு பொட்டு வைக்கிறோம்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய மோட்டார் வைத்திருக்கும் யாருக்காவது இது உதவும் என்று நினைத்தால் கொடுங்கள். கொடுக்கும்போது முழுசாகக் கொடுங்கள். முன்னா பின்னா என்கிற எழுத்து, சுமை எண், செய்த வருடம், இந்த மூன்றும் அதில் இருக்கட்டும். நீளம் என்று வெட்ட வேண்டாம். அழகுக்கு என்று பூவும் சேர்க்க வேண்டாம். யாரோ ஒருவர் தன் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்புவார். அவருக்கு எந்த வரி தேவைப்படும் என்று அனுப்புகிற நமக்குத் தெரியாது.