ஐம்பது தோட்டாக்களையும் உடைத்த காலை

செப்டம்பர் மாதத்து அந்தச் சனிக்கிழமை, காலை ஆறு மணிக்கே அண்ணை சப்பாத்தும் ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு சமையலறையில் நின்றார். நாங்கள் புறப்பட வேண்டியது எட்டு மணிக்கு.

"மாப்பிள்ளை மாதிரி நிக்கிறார்," என்றார் அக்கா, அவருடைய மனைவி. "எங்கடை கலியாணத்தண்டு இவ்வளவு வெள்ளன எழும்பேல்லை. மாதா கோயில் வாசல்லை பூசை வைக்கிற சுவாமி பாத்துக்கொண்டு நிண்டவர்."

"அண்டைக்கு மழையப்பா."

"எனக்கும் அதே மழைதானே பெஞ்சது?"

அண்ணை எனக்கு உறவு இல்லை. மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் அவருடைய வீட்டின் நிலக்கீழ் அறை ஒன்றில் நான் வாடகைக்கு இருக்கிறேன். அவர் மன்னார்ப் பக்கம். சென்ட் லோரன்டில் விமானத்துக்கு உதிரிப்பாகம் கடையும் தொழிற்சாலையில் இருபத்துச் சொச்சம் வருடம் வேலை செய்து, போன வருடம் ஓய்வு பெற்றவர். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு மொஸ்கோவில் ஒரு குளிர்காலம், உக்ரேன் எல்லைக் காட்டில் பதினொரு நாள், ஜெர்மனியில் கோப்பை கழுவல், பாரிசில் பூக்கட்டு விற்பனை, அல்பேர்ட்டாவில் இறைச்சித் தொழிற்சாலை என்று போய், ஐம்பத்து மூன்று வயதில் மொன்றியலில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஓர் இடத்தில் நான்கு வருடம் தங்கியது இந்த அறையில்தான்.

தங்க வைத்தது ஒரு சத்தம் என்றுதான் சொல்ல வேண்டும். என் கட்டிலுக்கு அடுத்த சுவருக்கு அப்பால், சனிக்கிழமை பின்னேரங்களில் டக், கிறீச், டக் என்று ஏதோ கேட்கும். மூன்றாவது வாரம் பொறுக்கமுடியாமல் கதவைத் தட்டினேன். அண்ணை ஒரு சிறிய அழுத்துபொறியின் கைபிடியைப் பிடித்துக்கொண்டு, அகப்பட்ட பிள்ளை மாதிரித் திரும்பிப் பார்த்தார். மேசையில் வரிசையாக நின்றன, பளபளவென்று வெற்றுத் தோட்டாக்களின் பித்தளைக் கோதுகள்.

"நாப்பத்துநாலு ஸ்பெஷல்," என்றார். பேரப்பிள்ளையின் பெயரைச் சொல்வது போலச் சொன்னார்.

எனக்குத் துப்பாக்கி புதிதல்ல. ஆனால் அதன் முன்பக்கத்தை மட்டும்தான் நான் கண்டிருக்கிறேன். பின்பக்கம் நின்று பார்த்ததில்லை. அதை அவரிடம் சொன்னேன். "அப்ப இரு," என்று ஒரு முக்காலியை இழுத்துப்போட்டார். அன்றைக்கு இருந்தவன்தான்.

நாற்பத்துநாலு ஸ்பெஷல் என்பது ரிவால்வருக்கான ஒரு பழைய தோட்டா. நூறு வருடத்துக்கு மேல் வயது. இதைவிட வேகமானவை, மலிவானவை எத்தனையோ வந்துவிட்டன. கடைகளில் இது அநேகமாக இருக்காது. இருந்தாலும் இதை விடமாட்டேன் என்று நிற்கிற ஆட்கள் உலகம் முழுக்க உண்டு. ஏனென்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். அண்ணை சொன்னது எனக்கு விளங்கியது: "மற்றதெல்லாம் கையிலை அறையும். இது தள்ளும். தோளிலை கை வைச்சு, கொஞ்சம் விலத்து தம்பி எண்டு சொல்லுமாப்போலை." கோதின் வாயில் இருந்து பறக்கும் சன்னம் பெரியது, என் சின்னவிரல் நுனியளவு ஈயம். அது அவசரப்படாமல் போய், சொன்ன இடத்தில் விழும். இதற்கென்று செய்த ரிவால்வர்களும் அப்படித்தான். கனமான சட்டம், நீலம் கலந்த கறுப்பு மெருகு, வால்நட் மரப் பிடி. அண்ணையின் ரிவால்வர் அவர் பிறப்பதற்கு முன் செய்யப்பட்டது. அதன் உருளையைச் சுற்றினால் வரும் கிளிக், கிளிக் ஓசைக்காகவே அவர் ஐந்து வருடம் அலைந்து தேடி, பத்திரங்கள் எல்லாம் எழுதி, ஒருவழியாக வாங்கினார். வாங்கிச் சில மாதங்களில், கைத்துப்பாக்கிகளை இனித் தனியாட்கள் வாங்கவோ விற்கவோ கைமாற்றவோ முடியாது என்று சட்டம் வந்துவிட்டது. ஆகவே அவருக்கு இது ஒன்றுதான். உடைந்தால் இன்னொன்று இல்லை.

அன்றைக்கு நாங்கள் போகவிருந்தது நகரத்துக்கு வடக்கே, மணல்மேட்டுக்குள் இருக்கும் சுடுகளத்துக்கு. அங்கே வருடத்துக்கு ஒருமுறை இந்தத் தோட்டாவின் பிரியர்கள் ஒன்பது பேர் கூடுவார்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் தன் ரிவால்வரையும், தானே செய்த தோட்டாக்களையும் மேசையில் வைப்பார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து அதைச் சுட்டுப் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். மேசையில் வைப்பதற்கு மூன்று வருடமாவது அந்தக் கூட்டத்துக்கு வந்துபோயிருக்க வேண்டும். அண்ணைக்கு இந்த வருடம்தான் முறை. மூன்று வருடமாக மற்றவர்களுடையதைச் சுட்டுவிட்டு, மெர்சி, மெர்சி என்று சொல்லிக்கொண்டு நின்றவர், இன்றைக்குத் தன்னுடையதை வைக்கப்போகிறார். ஆறு மணிக்குச் சப்பாத்துப் போட்டதில் என்ன பிழை?

பூட்டிய பெட்டியில் ரிவால்வர் காரின் பின்பெட்டியில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் வேறொரு பெட்டியில் ஐம்பது தோட்டாக்கள். மூன்று வாரமாகக் கோதுகளைக் கழுவி, மினுக்கி, வியாழக்கிழமை பின்னேரம் நாங்கள் இருவருமாக வெடிமருந்து போட்டு முடித்தவை. பாலத்தைக் கடக்கும்போதே அண்ணை பாடத்தொடங்கிவிட்டார். பாட்டு என்று அவர்தான் சொல்வார்.

களத்தில் முதலாவதாகச் சுடுவது கூட்டத்தில் மூத்தவர். எங்கள் மூத்தவர் எழுபத்தெட்டு வயது அம்மணி ஒருவர். மொன்றியலில் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். குரல் இப்போதும் கடைசி ஆசனம் வரைக்கும் கேட்கும். "பொன்ஜூர், என் இலங்கைக்காரர்களே! எங்கே மணப்பெண்?" என்று பிரெஞ்சில் கத்திக்கொண்டு வந்தார். அண்ணை பெட்டியைத் திறந்ததும் சத்தம் அடங்கியது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றியதை நான் என் கண்ணால் கண்டேன். அண்ணையின் காது சிவந்துவிட்டது.

அம்மணி கண்ணாடி போட்டார். உருளையில் ஆறு தோட்டாக்களைப் போட்டு மூடி, கோட்டில் நின்றார். அண்ணை பக்கத்தில் நின்று, தொழிற்சாலையில் பழகிய பிரெஞ்சில் பெருமையடித்துக்கொண்டிருந்தார். "ஒவ்வொரு கோதும் நான் அளந்தது, மேடம். பிறகு என் சிநேகிதர் ஒவ்வொன்றுக்குள்ளும் டோர்ச் அடித்துப் பார்த்தவர்."

டோர்ச்சா? நான் எப்போது அடித்தேன்?

மருந்து போடுவதில் ஓர் ஒழுங்கு உண்டு. இந்தத் தோட்டாவின் கோது பெரியது. பழைய காலத்துப் புகை கக்கும் கருமருந்துக்காகச் செய்த அளவு. இப்போதைய மருந்து அதன் அடியில் ஒரு சிட்டிகைதான் கிடக்கும். தவறுதலாக இரண்டு தரம் போட்டாலும் வழிந்து காட்டிக்கொடுக்காது. மேலே சன்னத்தை வைத்து அழுத்தினால் மற்றத் தோட்டா மாதிரியே இருக்கும். சுட்டால் உருளை வெடிக்கும். அதனால்தான் மருந்து போடும்போது கதைக்கக்கூடாது. வெற்றுக் கோது தட்டில் வாய் கவிழ்ந்து நிற்கும், மருந்து போட்டது வாய் நிமிர்ந்து நிற்கும். எல்லாம் முடிந்ததும் சன்னம் வைப்பதற்கு முன், ஒவ்வொரு கோதுக்குள்ளும் டோர்ச் அடித்து மட்டம் பார்க்க வேண்டும்.

வியாழக்கிழமை அக்கா தேத்தண்ணியும் சூடான வடையும் கொண்டுவந்தார். தட்டை வைக்க இடமில்லை. நான் கோதுத் தட்டைத் தூக்கி அங்கால் வைத்தேன். அதில் ஒரு வரிசை சரிந்தது. மருந்து சிந்தியதாகத் தெரியவில்லை; கண்மதிப்பில் எல்லாவற்றையும் வாய் மேலாக நிமிர்த்தி வைத்தேன். வடை தின்றோம். புரோசார்டில் யாரோ வீடு வாங்கிய கதையை அக்கா சொன்னார். பிறகு அண்ணை, தான் விட்ட இடம் என்று நினைத்த இடத்தில் இருந்து மிச்சத்துக்கு மருந்து போட்டார். நான் கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது அவர் சன்னம் வைத்துக்கொண்டிருந்தார். டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டார் என்று நினைத்தேன். நான் கை கழுவப் போகுமுன் பார்த்துவிட்டேன் என்று அவர் நினைத்திருக்கிறார்.

அம்மணி காதுமூடியை இழுத்து விட்டார். கையை நீட்டினார்.

"நில்லுங்கோ! நில்லுங்கோ!" என்று கத்தினேன். தமிழில்தான் வாயில் வந்தது. கை தானாக மேலே போயிருந்தது. களத்தில் யார் கை உயர்த்தினாலும் எல்லோரும் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். அம்மணி விசையில் இருந்து விரலை எடுத்து, ரிவால்வரை மேசையில் வைத்து, உருளையைத் திறந்துவிட்டார். முப்பது வருடம் பிரேக் மிதித்த பெண்.

"என்னடா?" என்றார் அண்ணை.

"அண்ணை, நான் டோர்ச் அடிச்சுப் பாக்கேல்லை."

"நீ பாத்தனி."

"இல்லை. நீங்கள் பாத்தனியள் எண்டு நினைச்சன்."

"நான் பாக்கேல்லையடா. நீ பாத்தனி எண்டெல்லோ நான்…"

அண்ணை தோட்டாப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்: "ஐம்பதிலை ஒண்டும் இருக்காதடா. நான் கவனமாத்தான் போட்டனான்."

"தட்டுச் சரிஞ்சது, அண்ணை. எது போட்டது, எது போடாதது எண்டு எனக்குத் தெரியாது. கண்மதிப்பிலைதான் நிமித்தி வைச்சனான்."

அவர் மூன்று வருடம் காத்திருந்ததும் ஐந்து வருடம் தேடியதும் எனக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அண்ணை திரும்பி, அம்மணியிடம் எல்லாவற்றையும் பிரெஞ்சில் சொன்னார். மற்றவர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

யாரோ தராசில் நிறுத்துப் பார்க்கலாம் என்றார்கள். "கோதுக்குக் கோது நிறை வித்தியாசம். அதற்குள் மருந்து ஒளித்துக்கொள்ளும்," என்றார் அம்மணி. தன் காருக்குப் போய், பிளாஸ்டிக் சுத்தியல் ஒன்றைக் கொண்டுவந்தார். தோட்டாவை அதன் தலைக்குள் செருகி, மரக்குற்றியில் அடித்தால், அடியின் வேகத்துக்குச் சன்னமும் மருந்தும் கழன்று உள்ளே விழும். இந்தப் பிரியர்கள் எல்லோருமே வாழ்க்கையில் ஒருநாளாவது இதைத் தூக்கியிருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. "எனக்கு எழுபது தோட்டா," என்றார் ஒருவர். "எனக்கு இருநூறு, என் மனைவி பக்கத்தில் நின்று சிரித்தாள்," என்றார் இன்னொருவர்.

ஒரே ஒரு சுத்தியல். முறை வைத்து அடித்தோம். டொக், டொக், டொக். ஒவ்வொன்றின் மருந்தையும் வெள்ளைக் கடதாசித் தட்டில் தனித்தனியாகக் கொட்டினோம். பத்து. இருபது. எல்லாம் ஒரே அளவுக் குவியல். முப்பதுக்குப் பிறகு பகிடி விடத்தொடங்கிவிட்டார்கள். "அடுத்த வருடம் சுத்தியல் போட்டி வைப்போம்." அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் அவருடைய கண் சிமிட்டியது. அந்தப் பித்தளையை மினுக்கியவர் அவர்.

நாற்பத்தொன்றாவதை அடித்தவன் நான். கொட்டினேன். குவியல் பெரிதாக இருந்தது.

அம்மணி பக்கத்துத் தட்டின் குவியலை அருகே நகர்த்தி வைத்தார். சந்தேகமே இல்லை, இரண்டு மடங்கு. அம்மணி தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக மடித்துப் பிரெஞ்சில் எண்ணினார். அன், டு, துறுவா, காற், சாங். "எல்லாம் இருக்கிறது!" என்று கத்தி, என் கன்னம் இரண்டிலும் முத்தம் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். என் முதுகில் அடித்தார்கள். பிழைவிட்டவனுக்கு இப்படி ஒரு வரவேற்பை நான் எந்த நாட்டிலும் பெற்றதில்லை.

அண்ணை மர வாங்கில் போய் இருந்துவிட்டார். "துவக்குப் போயிருக்கும்," என்றார், ரிவால்வரைப் பார்த்தபடி. சற்றுப் பொறுத்து, "சீ, அந்த மனுசியின்ரை கையல்லோ போயிருக்கும். நான் முதல் துவக்கை நினைக்கிறன், பாத்தியா?" என்றார்.

மிச்சம் ஒன்பதையும் உடைத்தோம். ஒன்றில் மருந்தே இல்லை. அதற்கும் கைதட்டினார்கள்.

பிறகு அம்மணி தன் பையில் இருந்து, ஓரம் மங்கிய கடதாசிப் பெட்டி ஒன்றை எடுத்தார். தொழிற்சாலையில் செய்த தோட்டாக்கள், முத்திரை உடைக்காதவை. என்னத்துக்கோ வைத்திருந்தாராம், என்னத்துக்கு என்று மறந்துவிட்டதாம். நகத்தால் முத்திரையைக் கிழித்தார்.

முதல் ஆறும் அவர் சுட்டார். அந்தச் சத்தம் கூரிய சத்தமல்ல. கனமான கதவொன்று சாத்துவது போன்ற தொம். ஆறு துளைகளையும் ஒரு தேநீர்க் கோப்பையால் மூடலாம். அம்மணி திரும்பி, அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு எல்லோரும் சுட்டார்கள். அண்ணை சுடும்போது அவருடைய உதடு எதையோ முணுமுணுத்தது. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, பக்கத்தில் நெருங்கி நின்று கையில் தந்தார்.

"பயமோடா?"

"ஓம்."

"நல்லது. மெல்ல அமத்து."

அது தள்ளியது. அவர் சொன்ன மாதிரியே, கொஞ்சம் விலத்து தம்பி என்று. என் துளை வட்டத்துக்கு வெளியே, கடதாசியின் ஓரத்தில் இருந்தது. "கடதாசியிலையாவது பட்டுதே!" என்று அண்ணை குதித்தார். அன்று அவர் முதல்தரம் சிரித்தது அப்போதுதான். இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டு ஆறும் சுட்டேன்.

வீட்டில் அக்கா கதை முழுவதையும் கேட்டார். "வடையிலை பிழையில்லை," என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அண்ணை இரண்டு டோர்ச் வாங்கிவந்து, மேசைக்கு மேலே இரண்டு ஆணியில் தொங்கவிட்டார். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. அன்று பின்னேரமே ஐம்பது கோதையும் மறுபடி எடுத்து வைத்தோம். இப்போது ஒழுங்கு வேறு. அவர் ஒரு கோதுக்குள் ஒளியை அடித்து, "பாத்தன்," என்று வாய்விட்டுச் சொல்வார். பிறகு நான் அடித்து, "பாத்தன்," என்பேன். அதற்குப் பிறகுதான் அடுத்தது.

"பாத்தன்."

"பாத்தன்."

"பாத்தன்."

"பாத்தன்."

மேலே தொலைபேசியில் அக்கா யாருக்கோ சொல்வது படிக்கட்டால் இறங்கி வந்தது: "இல்லையடி, வானொலி இல்லை. கீழை ரெண்டு பேரும் செபமாலை சொல்லுகினம்."