மாப்பிள்ளைக் குதிரையில் ஒரு சிகிச்சை

குதிரைச் சவாரி மூலம் சிகிச்சை தருபவர்களுக்கான பயிற்சியைப் பெங்களூரில் முடித்துவிட்டுக் ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் குப்பம் ஊருக்குத் திரும்பியபோது, என்னிடம் குதிரையைத் தவிர எல்லாம் இருந்தது. பை நிறைய வளையங்கள், பந்துகள், சின்னச் சின்ன மணல் மூட்டைகள். விஷயம் எளிமையானது. குதிரை நடக்கும்போது அதன் மேல் இருக்கும் குழந்தையின் இடுப்பு அசைந்துகொண்டே இருக்கும். விழாமல் இருக்க உடம்பு தானாக நிமிரும். பிசியோதெரபிஸ்டாக நான் வருடக்கணக்கில் கெஞ்சியும் நடக்காததைக் குதிரை சும்மா நடந்தே செய்துவிடும் என்றார்கள். நம்பினேன்.

கிடைத்தது கல்யாணக் குதிரை. மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்குப் போகும் வெள்ளைக் குதிரை, பக்கத்துச் சாந்திபுரத்துக்காரர் ஒருவருடையது. கல்யாணம் இல்லாத நாட்களில் அழைத்து வருவார். மூடிக்கிடந்த ஒரு கிரானைட் பட்டறையின் வளாகத்தில் மணல் கொட்டி இடம் தயார் செய்திருந்தேன். தக்காளிக் கூடைகளைக் கவிழ்த்து ஏறுபடி வைத்தேன்.

வந்த முதல் குழந்தை குடுபல்லியிலிருந்து ஒரு பெண், ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே முதுகுக்குப் பலமில்லை, ஆனால் வாய்க்கு நிறையவே இருந்தது. அவள் அம்மாவின் வலது கை எப்போதும் மகளின் முதுகில் இருக்கும். அதனால் அந்த அம்மா காபி குடிப்பதுகூட இடது கையால்தான். பக்கத்துத் தனியார் பள்ளி ஹெட்மாஸ்டர், யாரும் பிடிக்காமல் பெஞ்சில் உட்கார்ந்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். நான் சிகிச்சை ஆரம்பித்ததே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

பெண்ணை ஏற்றி உட்கார வைத்தோம். குதிரை நகரவில்லை. தட்டினேன், இழுத்தேன், தெலுங்கில் திட்டினேன். நகராததோடு விட்டதா? நான் வண்ணம் சொல்லிக் கொடுக்க வைத்திருந்த தக்காளி, கேரட் எல்லாவற்றையும் தின்றுவிட்டது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பது வெறும் பழமொழிதானே என்று அதுவரை இருந்தேன்.

“பேண்டு அடிச்சாத்தான் மேடம் அது நடக்கும்” என்றார் குதிரைக்காரர், இதெல்லாம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுபோல.

போனில் கல்யாண பேண்டு போட்டேன். நடந்தது. கொஞ்ச தூரம் போய் நின்று, போட்டோவுக்காகத் தலையைத் திருப்பியது. யாராவது ஆடி முடித்த பிறகுதான் மறுபடி நடக்கும் என்றார். ஆடினேன். பெங்களூரில் இந்தப் பாடம் நடத்தவில்லை.

வாரங்கள் போயின. பெண்ணின் இரு பக்கமும் நானும் அம்மாவும் பிடித்துக்கொண்டே நடப்போம். கையை எடுத்தால் சாய்ந்துவிடுவாளோ என்று இருவருக்கும் பயம். எடுத்துப் பார்க்கவே இல்லை.

ஒரு நாள் பாதிச் சுற்றில் இருக்கும்போது, வெளியே ரோட்டில் நிஜமான பேண்டு கேட்டது. மாப்பிள்ளை ஊர்வலம், ஆனால் மாப்பிள்ளை பூ வைத்த காரில். குதிரை என் போனை மதிக்கவில்லை. கேட்டைத் தாண்டி நேராகப் போய், பேண்டுக்குப் பின்னால், காருக்கு முன்னால், தன்னுடைய வழக்கமான இடத்தில் நின்றுகொண்டது.

“நிறுத்துங்க!” என்று கத்தினேன்.

“ஊர்கோலத்துல நடுவுல நிறுத்தனா அபசகுனம் மேடம்” என்று கயிற்றைப் பிடித்தபடி குதிரைக்காரர் தன் பாட்டுக்கு நடந்தார்.

யாரும் எங்களை ஏன் என்று கேட்கவில்லை. பெண் வீட்டு ஏற்பாடு என்று மாப்பிள்ளை வீட்டாரும், மாப்பிள்ளை வீட்டு ஏற்பாடு என்று பெண் வீட்டாரும் நினைத்துக்கொண்டார்கள். குழந்தையின் கழுத்தில் மாலை விழுந்தது. எனக்குப் பன்னீர் தெளித்தார்கள். மண்டப வாசலில் குதிரை நின்றது. ஆரத்தி எடுத்தார்கள். அம்மாவின் இரண்டு கையிலும் தாம்பூலப் பைகள்.

இரண்டு கையிலும்! என் கையைப் பார்த்தேன். அதில் யாரோ கொடுத்த சந்தனக் கிண்ணம். அப்படியானால் அவளை யார் பிடித்திருக்கிறார்கள்? யாருமில்லை. மாலையோடு, மாப்பிள்ளையைவிட நேராக உட்கார்ந்திருந்தாள். எப்போதிலிருந்து என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

சாப்பிட்டுவிட்டு வெளியே வந்த விருந்தாளிகளில் ஹெட்மாஸ்டரும் ஒருவர். வெற்றிலையை மென்றபடி அவளை நெடுநேரம் பார்த்தார். “சோமவாரம் இட்டுக்கினு வாங்கம்மா” என்றார்.

திங்கட்கிழமை மூன்றாம் வகுப்பில் ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார வைத்தோம். அம்மாவை ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினார்கள். பிரேயர் முடிவதற்குள் முதுகு வளைந்தது. அட்டென்டன்ஸ் எடுக்கும்போது தலை டெஸ்க்கில் இருந்தது. குதிரை அசைந்தது, இவள் நிமிர்ந்தாள். பெஞ்சு அசையாது. இவ்வளவு படித்தும் இது எனக்கு உறைக்கவில்லையே என்று என் மேலேயே கோபம் வந்தது.

“நேரா குந்தும்மா” என்றார் ஹெட்மாஸ்டர், மெதுவாகத்தான்.

“இந்த பெஞ்சு எங்கியும் போவலியே சார். எதுக்கு நேரா குந்தணும்?” என்றாள், டெஸ்க்கிலிருந்து தலையை எடுக்காமலே.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சிரித்துக்கொண்டே அதே பெஞ்சில் இருந்த மூன்று பிள்ளைகளும் காலாட்ட ஆரம்பித்தார்கள். பழைய பெஞ்சு, கிரீச்சிட்டபடி ஆடியது. உடனே ஹெட்மாஸ்டர் பிரம்பை ஓங்கினார். காலாட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று அந்தப் பள்ளியில் தினமும் அடி விழும்.

“சார், அவளைப் பாருங்க!” என்று நான் கத்தினேன்.

டெஸ்க்கிலிருந்து தலை எழுந்திருந்தது. பிறகு தோள். பிறகு முதுகு. பெஞ்சு ஆட ஆட அவள் நிமிர்ந்தாள். ஓங்கிய பிரம்பு அப்படியே நின்றது. பிள்ளைகள் பயந்து காலை நிறுத்தினார்கள். அவள் மறுபடி சாய்ந்தாள். ஜன்னல் கம்பிக்குள் அம்மாவின் வலது கை நுழைந்தது.

ஹெட்மாஸ்டர் பிரம்பை மேஜையில் வைத்தார். வாழ்நாள் முழுக்கச் சொன்னதற்கு எதிராக ஒன்றைச் சொல்லப்போகிறவரின் முகம் அது.

“ஆட்டுங்கடா” என்றார். “எல்லாரும் ஆட்டுங்க.”

மூன்றாம் வகுப்பு முழுவதும் காலாட்டியது. அம்மா கையை வெளியே எடுத்துக்கொண்டார்.